ஓபியாய்டு வலிமாத்திரையோடு மூலிகை மாத்திரைகள்: எது மோதும், எந்த வழியில் மோதும்

கேள்வி இதுதான். நாள்பட்ட முதுகுவலிக்கு மருத்துவர் டிரமடால் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலிமாத்திரை. கேட்டவர் ஏற்கெனவே தூக்கத்துக்கு அமுக்கரா காப்ஸ்யூலும் மூட்டுக்கு மஞ்சள் காப்ஸ்யூலும் சாப்பிட்டு வருகிறார். மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையையும் தொடங்கலாம் என்றிருக்கிறார். "எல்லாம் செடிகொடிதானே, இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் போதாதா?" என்கிறார்.

போதாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைத் தொடங்கவே வேண்டாம். டிரமடாலோடு அது இரண்டு தனித்தனி வழிகளில் மோதும். அமுக்கராவை, டிரமடால் உடம்புக்குப் பழகும் வரையாவது நிறுத்தி வையுங்கள். பிறகு எடுப்பதானால் மருத்துவருக்குத் தெரிந்தே எடுங்கள். மஞ்சள் காப்ஸ்யூல் புட்டியைத் திருப்பி, 'பைப்பரின்' அல்லது 'மிளகுச் சாரம்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தத் தயாரிப்பு வேண்டாம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அந்தக் காரணங்கள் பிடிபட்டால் இந்தப் பட்டியலில் இல்லாத மூலிகையையும் நீங்களே எடைபோட்டுப் பார்க்க முடியும்.

முதலில் அந்த இடைவெளிக் கதையை முடித்துவிடலாம். இரண்டு பொருள்கள் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உறிஞ்சப்படாமல் போகும்போது மட்டுமே இடைவெளி உதவும். இசப்கோல் போன்ற நார், மருந்துக் கரி, சிலவகை மண் ஆகியவை அப்படிப்பட்டவை. இங்கே நாம் பேசும் மோதல்களோ பெரும்பாலும் கல்லீரலிலும் மூளையிலும் நடப்பவை. இரண்டு வாரமாகச் சாப்பிட்ட மூலிகை கல்லீரல் நொதியின் அளவையே மாற்றி வைத்திருக்கும்போது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரிப்பதால் என்ன ஆகப்போகிறது?

மாத்திரையின் பெயர் முதலில் தெரிய வேண்டும்

"வலிமாத்திரை எடுக்கிறேன், இந்தச் சூரணம் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஓபியாய்டு என்பது ஒரே மருந்து இல்லை. அவற்றை உடம்பு கழிக்கும் வழிகள் வேறுபடுகின்றன, மூலிகை மோதும் இடமும் அதற்கேற்ப மாறுகிறது.

மார்ஃபின், ஹைட்ரோமார்ஃபோன், டேபென்டடால் மூன்றும் கல்லீரலில் குளுக்குரோனைடாக மாறி சிறுநீரில் வெளியேறுபவை. பெரும்பாலான மருந்துகளைச் சிதைக்கும் 'சி.ஒய்.பி.' நொதிக் குடும்பத்துக்கு இவற்றில் வேலை மிகக் குறைவு. ஆகவே அந்த நொதிகளைத் தொடும் மூலிகைகளால் இவற்றுக்கு வரும் ஆபத்தும் குறைவு. ஆனால் மார்ஃபினுக்குச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். மார்ஃபின் சிதைந்து உருவாகும் மார்ஃபின்-6-குளுக்குரோனைடும் வலி போக்கும், மூச்சையும் அடக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பில் தேங்கும். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது. இவற்றை யாருமே உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. மார்ஃபின் எடுப்பவர் கிட்டவே போகக் கூடாது.

ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின் நான்கும் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியை நம்பியிருப்பவை. மெதடோனுக்கு 2பி6, 3ஏ4 இரண்டும் வேண்டும். மூலிகைகள் அதிகம் கைவைப்பது இந்த 3ஏ4 மேல்தான். அதனால் இந்த மருந்துகளில் இருப்பவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கோடீனும் டிரமடாலும் தனி ரகம். கோடீனாக இருக்கும் வரை அதற்கு வலி போக்கும் சக்தி குறைவு. 2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பங்கை மார்ஃபினாக மாற்றிய பிறகே வேலை நடக்கிறது. டிரமடாலும் அதே நொதியால்தான் ஓபியாய்டு பலம் பெறுகிறது. மாறாத டிரமடாலோ மூளையில் செரோடோனின், நாரட்ரெனலின் என்ற நரம்புச் செய்திப் பொருள்களைத் தேங்க வைக்கிறது. ஆகவே 2டி6 நொதியை ஒரு மூலிகை அடைத்தால் இரண்டு தீங்கு ஒன்றாக வரும்: வலி குறையாது, செரோடோனின் பக்கத்துத் தொல்லை கூடும். வலி குறையவில்லையே என்று ஆள் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வார். அங்கேதான் வலிப்பு வரும் ஆபத்து தொடங்குகிறது.

தூக்கத்தின் மேல் தூக்கம்

ஓபியாய்டு உயிரை வாங்குவது பெரும்பாலும் மூச்சை அடக்கித்தான். இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது "மூச்சு விடு" என்று மூளைத்தண்டு உந்த வேண்டும். அந்த உந்துதலை இம்மருந்துகள் மழுங்கடிக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் அது இன்னும் மழுங்கும். தூக்க மருந்து வகையான பென்சோடயசிபின்களை ஓபியாய்டோடு சேர்ப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது இதனால்தான்.

மூலிகைகளில் இதே திசையில் இழுப்பவை வலேரியன், காவா, பேஷன்ஃபிளவர், ஹாப்ஸ், அமுக்கரா, சடாமாஞ்சில், சர்ப்பகந்தா ஆகியவை. கஞ்சா எண்ணெயையும் இதில் சேர்க்கலாம். மிகைப்படுத்தாமல் சொல்வதானால் இவை பென்சோடயசிபின் அளவுக்கு வலுவானவை அல்ல. நல்ல உடல்நிலையில், பழகிய ஓபியாய்டு அளவில் இருக்கும் ஒருவர் ஒருநாள் வலேரியன் தேநீர் குடித்தால் பெரும்பாலும் மறுநாள் காலை மந்தமாக இருப்பார், அவ்வளவுதான். கவலை ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்களைப் பற்றியது: தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், 65 வயது தாண்டியவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் தளர்ந்தவர்கள், கூடவே நரம்புவலி மருந்துகளான கேபாபென்டின், பிரிகாபலின் அல்லது தூக்க மாத்திரை எடுப்பவர்கள். இவர்களுக்கு மேற்படி மூலிகைகள் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடலாம்.

மற்றவர்களுக்கும் ஒரு காலகட்டம் உண்டு. ஓபியாய்டு தொடங்கிய முதல் 24 முதல் 72 மணி நேரமும், அளவைக் கூட்டிய பிறகு வரும் அதே நேரமும் மூச்சு அடங்கும் ஆபத்து மிகுந்தவை. மெதடோன் என்றால் இன்னும் நீளம், ஏனென்றால் அது உடம்பில் நிலைகொள்ளவே பல நாள் ஆகும். மூன்றாம் நாள் தெளிவாக இருந்தவர் ஐந்தாம் நாள் மயங்கிக் கிடக்கலாம். அந்த நாட்களில் தூக்க மூலிகை எதையும் புதிதாகத் தொடங்கவும் கூடாது, இருப்பதன் அளவைக் கூட்டவும் கூடாது.

சர்ப்பகந்தாவில் உள்ள ரிசர்பின் இரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஓபியாய்டும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும் என்பதால் இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் தலைசுற்றி விழுவது இந்தச் சேர்க்கையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: நிறுத்தும்போதும் ஆபத்து

இந்த ஒரு மூலிகைக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இதில் உள்ள ஹைப்பர்ஃபோரின் கல்லீரல் செல்லில் பி.எக்ஸ்.ஆர். என்ற சுவிட்சைப் போட்டுவிடுகிறது. உடனே 3ஏ4 நொதியும், மருந்தைக் குடலிலிருந்து வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதமும் கூடுதலாக உற்பத்தியாகின்றன. மருந்து வேகமாகச் சிதைந்து வெளியேறிவிடும். ஆரோக்கியமானவர்களிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், இந்த மூலிகையை 300 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை இரண்டு வாரம் கொடுத்தபோது, வாய்வழி எடுத்த ஆக்சிகோடோன் இரத்தத்தில் ஏறிய மொத்த அளவு பாதியாகிவிட்டது. மெதடோன் எடுத்துவந்தவர்களிடமும் இதேபோல் இரத்த அளவு இறங்கியிருக்கிறது. சிலருக்கு வியர்வை, பதற்றம் என்று மருந்து விட்ட அறிகுறிகளும் வந்திருக்கின்றன.

மூலிகையைத் தொடங்கினால் வலி திரும்பும் என்பதை எல்லோரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். தவறவிடுவது மறுபக்கத்தை. ஒருவர் பல மாதமாக இந்த மூலிகையைச் சாப்பிட்டபடியே ஆக்சிகோடோன் எடுக்கிறார். வலி அடங்காததால் மருத்துவர் படிப்படியாக அளவைக் கூட்டியிருக்கிறார். பிறகு ஏதோ கட்டுரையைப் படித்துப் பயந்து மூலிகையை மட்டும் சட்டென்று நிறுத்துகிறார். ஓரிரு வாரத்தில் நொதி பழைய அளவுக்கு இறங்கும். மாத்திரை அதே அளவு, ஆனால் இரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ இரு மடங்கு. யாரும் எதையும் கூட்டாமலே அளவு மிஞ்சிவிடும்.

ஆகவே ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் தேதியோடு சொல்லி, நிறுத்தும் வாரங்களில் ஓபியாய்டு அளவைக் குறைக்க வேண்டுமா என்று திட்டமிட்டே நிறுத்த வேண்டும். ஓபியாய்டு இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றால், மூலிகையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத் தொடங்குவது நல்லது. காத்திருக்க முடியாத வலி என்றால் நொதி இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது எழுதுகிற மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹைப்பர்ஃபோரின் மிகக் குறைவாக உள்ள சாரங்கள் நொதியை அவ்வளவாகத் தூண்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான புட்டிகளில் அந்த அளவே அச்சிடப்படுவதில்லை. எனவே அதை நம்பி இறங்க வேண்டாம்.

நொதியை அடைப்பவை

எதிர்த்திசையில் போகும் மூலிகைகளும் உண்டு. கோல்டன்சீல் என்ற வேர் 2டி6, 3ஏ4 இரண்டையும் மனிதர்களிடத்திலேயே தெளிவாக அடைக்கிறது. அதில் உள்ள பெர்பெரின் தனிக் காப்ஸ்யூலாக, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் என்று விற்கப்படுகிறது. மரமஞ்சளிலும் இருப்பது இதே பொருள்தான். கோடீன், டிரமடால் எடுப்பவர்கள் பெர்பெரினையும் கோல்டன்சீலையும் தவிர்க்க வேண்டும். ஃபென்டனில், ஆக்சிகோடோன் எடுப்பவர்கள் கோல்டன்சீலைத் தவிர்க்க வேண்டும்.

கிரேப்ஃபுரூட் சாறு குடல் சுவரில் உள்ள 3ஏ4 நொதியையே செயலிழக்கச் செய்கிறது. புது நொதி உருவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஆக்சிகோடோனின் இரத்த அளவை இது ஏறத்தாழ 1.7 மடங்காக ஏற்றியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பப்ளிமாஸிலும் இதே வகைப் பொருள் உண்டு. தோலில் ஒட்டும் ஃபென்டனில் குடல் வழியே போவதில்லை என்பதால் அங்கே சாற்றின் தாக்கம் குறைவு. ஆனாலும் மருந்துத் தாள் தவிர்க்கச் சொன்னால் தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உணவில் சேரும் மஞ்சள்தூளும் மிளகும் இங்கே பிரச்சினை இல்லை. மஞ்சளில் உள்ள முக்கியப் பொருளான குர்குமின் தானாக உடம்பில் சேருவது மிகக் குறைவு என்பதால் காப்ஸ்யூல் தயாரிப்பவர்கள் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. விளம்பரங்கள் இந்த எண்ணைப் பெருமையாகப் போடுகின்றன. பைப்பரின் அதைச் சாதிப்பது குடலும் கல்லீரலும் வேண்டாததைக் கழிக்கும் வேலையைத் தடுத்துத்தான். அந்தத் தடை குர்குமினுக்கு மட்டும் என்று நின்றுவிடாது. ஒரு மருந்தின் அளவை மில்லிகிராம் கணக்கில் சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், உறிஞ்சுதலைக் கூட்டுவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைச் சேர்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் அழற்சி வந்த பதிவுகளும் உள்ளன.

அந்தக் கல்லீரல் பேச்சை இங்கேயே முடித்துவிடுகிறேன். கோடீன், டிரமடால், ஹைட்ரோகோடோன் பலமுறை பாரசிட்டமாலோடு சேர்த்த மாத்திரையாகவே வருகின்றன. பெரியவர்களுக்குப் பாரசிட்டமாலின் உச்ச அளவு ஒரு நாளைக்கு 4 கிராம். மெலிந்தவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட மாத்திரையோடு காவா, காம்ஃப்ரி, எடை குறைப்புக்கான பச்சைத் தேயிலைச் சாரம், அதிக அளவு அமுக்கரா எதுவும் வேண்டாம்.

கிராட்டம் ஒரு சத்து மாத்திரை அல்ல

கிராட்டம் இலைத்தூள் சில நாடுகளில் 'இயற்கை வலிநிவாரணி' என்று விற்கப்படுகிறது. இதில் உள்ள மிட்ராஜைனினும் 7-ஹைட்ராக்சிமிட்ராஜைனினும் மார்ஃபின் ஒட்டும் அதே ஏற்பியில் ஒட்டுபவை. கூடவே மிட்ராஜைனின் 2டி6 நொதியை வலுவாக அடைக்கும். அதாவது ஓபியாய்டு எடுக்கும் ஒருவர் இதையும் சேர்த்தால், அளவு தெரியாத இரண்டாவது ஓபியாய்டை எடுப்பதோடு முதலாவது கழியும் வழியையும் குழப்பிக்கொள்கிறார். ஓபியாய்டை விட உதவும் என்று இதைச் சொந்தமாகத் தொடங்குபவர்கள் இதற்கே பழகிப் போவதும் உண்டு. குறைக்க விருப்பம் என்றால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். கழுவாத கசகசாவை ஊறவைத்துக் குடிப்பதும் இதே கதைதான். அதில் எவ்வளவு மார்ஃபின் இறங்கும் என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும்.

செரோடோனின், வலிப்பு, இதயத் துடிப்பு

டிரமடால், மெதடோன், பெத்திடின், ஃபென்டனில், டேபென்டடால் எடுப்பவர்கள் செரோடோனினைக் கூட்டும் எதையும் தொடக் கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டின் இரண்டாவது குற்றம் இதுதான். 5-எச்.டி.பி., டிரிப்டோஃபான், எஸ்.ஏ.எம்.இ. என்ற பெயர்களில் வரும் மனநிலைக் காப்ஸ்யூல்களும், மூளையின் எம்.ஏ.ஓ. நொதியை அடைக்கும் சிரியன் ரூ விதையும் இதே வரிசை. நடுக்கம், உள்ளங்கை வியர்த்தல், தவிப்பு, வயிற்றுப்போக்கு, கணுக்கால் தானாகத் துடிப்பது, காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். கண்மணியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: செரோடோனின் மிஞ்சினால் விரியும், ஓபியாய்டு மிஞ்சினால் ஊசிமுனையாகச் சுருங்கும். இரண்டும் கலந்தால் கண்மணியை வைத்து முடிவு கட்ட முடியாது. இந்த அறிகுறிகள் தெரிந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டிரமடாலின் உச்ச அளவு சாதாரண மாத்திரையில் ஒரு நாளைக்கு 400 மி.கி. அதற்குள் இருந்தாலும் அது வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்திவிடும். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மாசிபத்திரி இனத்து எண்ணெய்கள் உள்ளுக்குப் போனால் தாமே வலிப்பை வரவழைக்கக் கூடியவை. எஃபிட்ரா சேர்ந்த எடை குறைப்புத் தூள்களும் அப்படியே.

மெதடோனுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அது இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை (ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரத்தை) நீட்டும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் அந்த நீட்சி உயிருக்கே ஆபத்தாகலாம். அதிமதுரம் வாரக்கணக்கில் சாப்பிட்டால் பொட்டாசியத்தை இறக்கும். பேதி மூலிகைகளை அளவு மீறி எடுத்தாலும் இறக்கும். தொண்டைக்கு என்று அதிமதுரம் சேர்ந்த இனிப்பு மாத்திரையை நாள் முழுவதும் வாயில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வடிவமும் முக்கியம்

மூலிகை என்ன என்பதைப் போலவே அது எந்த வடிவத்தில் வருகிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும். அரிஷ்டம், ஆசவங்களில் புளிப்பேறி உண்டான ஆல்கஹால் இருக்கிறது, பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை. மேற்கத்திய டிங்சர்களில் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த மூலிகைச் சாறுகளில்) இதைவிடப் பல மடங்கு. சிலவகை நீடித்து வேலை செய்யும் ஓபியாய்டு மாத்திரைகளின் பூச்சு ஆல்கஹாலில் கரைந்து, ஒரு நாளைக்கான மருந்து மொத்தமும் ஒரேயடியாக வெளியேறக் கூடும். ஹைட்ரோமார்ஃபோனின் நீடித்த வடிவமான பலாடோன், 2005 ஜூலையில் அமெரிக்காவில் இந்தக் காரணத்தால்தான் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 30 மி.லி. அரிஷ்டத்தில் இருக்கும் ஆல்கஹால் அளவு சிறியதுதான். ஆனாலும் நீடித்த மாத்திரை எடுப்பவர் அதே மூலிகையைச் சூரணமாகவோ குடிநீராகவோ எடுப்பது மேல். அந்த மாத்திரைகளைப் பொடித்துத் தேனிலோ லேகியத்திலோ குழைத்துக் கொடுப்பதும் கூடாது. பொடித்தால் பூச்சே இல்லாமல் போய்விடும்.

ஃபென்டனில் பட்டை ஒட்டியிருப்பவர்களுக்குச் சூடு எதிரி. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இரத்தத்தில் ஃபென்டனில் மூன்றில் ஒரு பங்கு கூடலாம். ஆகவே பட்டைக்கு மேல் மூலிகை ஒத்தடம், சூடான கிழி, நீராவி எதுவும் வேண்டாம். பட்டை ஒட்டும் இடத்தில் தைலமோ வலிக் களிம்போ படக் கூடாது. தண்ணீரால் மட்டும் கழுவி நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும். மயக்கம் தெரிந்து பட்டையை உரித்தாலும், தோலுக்குள் தேங்கியது இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். உரித்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று தூங்கப் போகக் கூடாது.

மலச்சிக்கல்: மூலிகைக்கு உண்மையான இடம்

இவ்வளவு தடைகளுக்கு நடுவே மூலிகை நன்றாக உதவும் இடம் ஒன்று இருக்கிறது. ஓபியாய்டு மலச்சிக்கல் நாளாக ஆகப் பழகிப் போவதில்லை. மருந்து இருக்கும் வரை அதுவும் இருக்கும். குடலின் அசைவே மந்தமாகிவிடுவதால் குடலைத் தூண்டும் மருந்து வேண்டும். நிலாவாரையின் சென்னோசைடு இதற்கு மருத்துவர்களே முதலில் எழுதும் மருந்து. தரப்படுத்தப்பட்ட மாத்திரையாக 15 மி.கி. அளவில் இரவில் தொடங்குவது வழக்கம். தேவைப்பட்டால் மலத்தில் தண்ணீரைத் தேக்கி இளக்கும் மேக்ரோகோல் சேர்ப்பார்கள். தளர்வான இலைப்பொடியில் சென்னோசைடு எவ்வளவு என்பது தெரியாது, அதனால் மாத்திரையே நல்லது.

இசப்கோலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, குடலின் அசைவைத் தூண்டி வேலை செய்யும். அசைவே இல்லாத குடலில், தண்ணீரும் குறைவாகக் குடிப்பவரிடம், பருத்த நார் அடைப்பாக உட்கார்ந்துவிடும். குமட்டலுக்கு, ஒரு நாளைக்கு 1 கிராமுக்குள் உலர்ந்த இஞ்சி பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். ஓபியாய்டு குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணியும்.

புட்டியில் எழுதாதவை

மூலிகைத் தயாரிப்பில் எழுதியது மட்டும்தான் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மூட்டுவலி 'மூலிகைகளில்' டைக்ளோஃபெனாக் என்ற ஆங்கில வலிமருந்தும் ஸ்டீராய்டும் அகப்பட்டிருக்கின்றன. அபின் சேர்ந்த குளிகைகளும் உண்டு. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருப்பதைக் கண்டது. ஓபியாய்டு எடுப்பவருக்கு இது இரட்டைக் குழப்பம்: ஈய நஞ்சின் அறிகுறிகளான வயிற்றுப் பிடிப்பும் மலச்சிக்கலும் வலிமாத்திரையின் பக்கவிளைவு போலவே இருக்கும், உண்மைக் காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். உலோக பஸ்மம் சேர்ந்த மருந்து எடுப்பவருக்கு அடங்காத வயிற்றுவலி என்றால் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இயற்கை எது, செயற்கை எது என்பதற்கு வேடிக்கையான ஓர் எடுத்துக்காட்டு டிரமடாலிலேயே இருக்கிறது. கேமரூனில் ஒரு மரத்தின் வேரில் டிரமடால் இயற்கையாகவே இருக்கிறது என்று 2013இல் அறிவித்தார்கள். பின்னர் வேறொரு குழு ஆராய்ந்து, அங்கே மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் தாராளமாகப் புழங்கிய செயற்கை மருந்தே கழிவு வழியாக மண்ணில் கலந்து வேரில் ஏறியது என்றது.

மருத்துவரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

"ஏதாவது நாட்டு மருந்து எடுக்கிறீர்களா?" என்று பல மருத்துவர்கள் கேட்பதில்லை, கேட்டாலும் "இல்லை" என்றே பலரும் சொல்கிறார்கள். காப்ஸ்யூல், சூரணம், தேநீர், தைலம், சொட்டு மருந்து என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் காட்டுவது பேச்சைவிட வேகமானது. முடியாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள்: செடியின் பெயர், முடிந்தால் அதன் தாவரவியல் பெயர், வேரா இலையா, தூளா சாரமா, எத்தனை மி.கி., எத்தனை வேளை, எந்தத் தேதியிலிருந்து. சாரம் என்றால் விகிதத்தையும் பாருங்கள். 10:1 என்று போட்ட 500 மி.கி. சாரம் 5 கிராம் உலர்ந்த மூலிகைக்குச் சமம். "ஒரு காப்ஸ்யூல்தான்" என்று சொன்னால் இந்தத் தகவல் மறைந்துபோகும். கடந்த ஒரு மாதத்தில் நிறுத்தியவற்றையும் எழுதுங்கள். காரணத்தை மேலே செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டில் பார்த்தோம்.

அனுமதி கிடைத்த மூலிகையைத் தொடங்கும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓபியாய்டு அளவு மாறிய வாரத்தில் மூலிகையைத் தொடாதீர்கள். தூக்கம் வரவழைக்கும் எதையும் வீட்டில் இன்னொருவர் இருக்கும் நாளில் தொடங்குங்கள், மறுநாள் வண்டி ஓட்ட வேண்டாம். பல மூலிகைகள் கலந்த தயாரிப்பை விட்டு ஒற்றை மூலிகைத் தயாரிப்பை எடுத்தால், ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியும். அறுவை சிகிச்சை என்றால் பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகைகளை நிறுத்தச் சொல்வார்கள். அந்தத் தேதியை மயக்க மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வலிமாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

எழுப்பினால் எழாத தூக்கம், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு, தொண்டையில் கொரகொரப்பு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனைக் கண்மணி இவற்றைக் கண்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கையில் இருந்தால் உடனே கொடுங்கள். 4 மி.கி. மூக்குத் தெளிப்பானை ஒரு நாசியில் அடித்து, 2-3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் புதியது ஒன்றை மறு நாசியில் அடிக்க வேண்டும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் அவசர எண்ணில் பேசுபவர் சொல்லும்படி மூச்சு ஊதுங்கள், நெஞ்சை அழுத்துங்கள். வலேரியனையோ காவாவையோ நலாக்சோன் முறிக்காது. ஆனால் கலந்து சாப்பிட்டவருக்கும் அதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். ஓபியாய்டின் பங்கை அது முறிக்கும், மற்றதற்கு அதனால் கெடுதல் இல்லை. அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். மெதடோன், நீடித்த மாத்திரை, ஃபென்டனில் பட்டை எல்லாம் அதைவிட நீண்ட நேரம் நிற்பவை. ஆள் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், போகும்போது மூலிகைப் புட்டிகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.